பொற்கொடியின் மின்தடை

போன ஆடியிலிருந்து என் தங்கை பொற்கொடி தங்கப் படலமாக இருக்கிறாள். தடிமன் நூறு நானோமீட்டர். ஒரு கண்ணாடிச் சில்லின் மேல் படிந்திருக்கிறாள். சில்லை டிவி பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறோம்.

அம்மா ஒரே ஒரு தடவைதான் வருத்தப்பட்டாள். "பிள்ளை ரொம்ப இளைச்சுப் போயிட்டா" என்றாள். அதன் பிறகு பழகிவிட்டது.

காலை வெயில் ஜன்னல் வழியாக வந்து, பொற்கொடி வழியாகவும் வந்து, எதிர்ச்சுவரில் விழும். பச்சையாக விழும். தங்கத்தை அவ்வளவு மெல்லியதாக்கினால் வெளிச்சம் பச்சையாகத்தான் வருமாம். அம்மா அந்தப் பச்சையில் உட்கார்ந்து கீரை ஆய்வாள்.

உடம்புதான் இளைத்தது. வாய் இளைக்கவில்லை. குழம்பைச் சாப்பிடாமலே உப்பு அதிகம் என்பாள். டிவியை அணை என்றால் "நீ அணை" என்பாள். அவளுக்குக் கை இல்லை என்பது அப்புறம்தான் எனக்கு ஞாபகம் வரும். நானே எழுந்து அணைப்பேன். உடனே போடச் சொல்வாள்.

ஒரு நாள் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒருவர் வந்தார். கையில் மூடி போட்ட கண்ணாடி ஜாடி வைத்திருந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பார்த்தவுடன் நல்ல மனிதர் என்று தெரிந்தது.

"உங்க வீட்ல ஒரு உயர்குல உலோகம் இருக்காமே?"

"இருக்கா. என் தங்கச்சி."

"மின்தடை உண்டா?"

"எல்லார் வீட்டுலயும்தான் சார் உண்டு. போன வாரம்கூட நாள் பூரா கரண்ட் இல்ல."

"அந்த மின்தடை இல்லீங்க. அது மின்வாரியம் பண்றது. நான் கேக்கறது உடம்புல இருக்கிற மின்தடை. கரண்ட் உள்ள ஓடினா வழிமறிக்கும் பாருங்க, அது."

"இருக்கு" என்றாள் அம்மா. "சின்ன வயசுலேர்ந்தே எதையாவது மறிச்சுக்கிட்டேதான் இருப்பா."

"யாரு? நானா?" என்றாள் பொற்கொடி.

அவர் தலையாட்டினார். "வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள அது சுழி ஆயிடணும், சுத்தப் பூஜ்யம். ஆகலைன்னா கழுவிடுவோம். கண்ணாடிச் சில்லுக்குத் தட்டுப்பாடு. அடுத்த படலமெல்லாம் வரிசையில நிக்குது."

"கழுவினா இவ எங்க போவா?"

"இதுக்குள்ள" என்று ஜாடியைக் காட்டினார். உள்ளே மஞ்சளாக இருந்தது. ராஜதிராவகம். தங்கத்தையே கரைக்கும் அமிலம்.

அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள். குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். வாசலில் செருப்பு மாட்டும்போது என்ன தோன்றியதோ, திரும்பினார்.

"டாக்டர் சுந்தரவடிவுன்னு ஒரு மேடம் இருக்காங்க. வெள்ளிக்கிழமைதான் வருவாங்க. அயனிப் பதியம் போடுவாங்க. ஒண்ணு ரெண்டு பேருக்குப் பிடிச்சிருக்கு."

அவர் போன பிறகு அம்மா ஆரம்பித்தாள். "எதிர்வீட்டு ஈயத்தைப் பாரு. குளிர் பட்டதும் தானா சுழி ஆயிடுச்சாம். ஒரு செலவு கிடையாது. பின்தெருவுல ஒரு தகரம் இருக்கு, தகரம், அதுவே ஆயிடுச்சு. நமக்குன்னு வந்து வாய்ச்சது தங்கம்."

அம்மா சொன்னதில் தப்பில்லை. ஈயத்தையும் தகரத்தையும் நன்றாகக் குளிரவைத்தால் ஒரு கட்டத்தில் மின்தடை மொத்தமாக இல்லாமல் போய்விடும். உள்ளே விட்ட மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதை மீகடத்தி என்பார்கள். தங்கம், வெள்ளி, செம்பு மூன்றும் அப்படி ஆகாது. எவ்வளவு குளிரவைத்தாலும் கொஞ்சம் தடையை மிச்சம் வைத்திருக்கும். உயர்ந்த குலம் என்ற நினைப்பு. யாரோடும் ஒட்டாது, யார் வீட்டிலும் கைநனைக்காது.

"எனக்கு ஈயம் மாதிரி ஆக வேண்டாம்" என்றாள் பொற்கொடி.

"ஆகலைன்னா உன்னைக் கழுவிடுவாங்கடி."

"கழுவட்டும். உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு டிவி பக்கத்துல நிக்கறதுக்கு ஜாடி தேவலை."

நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு இருப்பது ஒரே தங்கை. அவள் கரைந்துபோவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. வெளியே வந்தபோது, "தண்ணியை வீணாக்காதே" என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பொற்கொடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அம்மா ஒரு மஞ்சள் பை கொடுத்தாள். திறந்து பார்த்தேன். செம்மண்ணும் சாணியும் இருந்தன.

"எதுக்கும்மா?"

"பதியம்னாரே. ரோஜாவுக்கு நான் போட்டிருக்கேன். சாணி இல்லாம ஒரு பதியமும் பிடிக்காது."

வாங்கிக்கொண்டேன்.

ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே ஒரு வராந்தாதான். கடைசியில் ஒரு கதவு. கதவில் டாக்டர் சுந்தரவடிவு என்று எழுதியிருந்தது. அங்கிருந்தே படிக்க முடிந்தது. நடந்தேன். கொஞ்ச நேரம் கழித்து எழுத்து சின்னதாகத் தெரிந்தது. இன்னும் நடந்தேன். எழுத்தையே காணோம்.

இரண்டு பக்கமும் தூண்கள். தூண்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. நான் ஒதுங்கிப் போனாலும் தோளில் இடித்தன. ஒரு பெஞ்சு முழங்காலில் மோதியது. மோத மோத எனக்கு உடம்பு சுட்டது. வேர்த்துக் கொட்டியது.

"நீ நடக்கறியா, நிக்கறியா?" என்று பையிலிருந்து கேட்டாள் பொற்கொடி.

"நடக்கறேன்டி."

"எனக்கு அப்படித் தெரியல."

எதிரிலிருந்து ஒருவர் வந்தார். தன் பெயர் மதுரகவி என்றார். நான் கேட்கவில்லை. கையில் கைக்குட்டை. கைக்குட்டைக்குள் ஒரு வெள்ளிப் படலம். அங்கங்கே கறுத்திருந்தது.

"என் மாமியார்" என்றார். "வீட்ல முட்டை அவிச்சோம். அந்தக் கந்தக ஆவி பட்டுக் கறுத்துட்டாங்க."

"டாக்டரைப் பாத்துட்டீங்களா?"

"பாத்தோம். ஹீலியத்தை உள்ள விட்டாங்க. அது போய் மூலைக்கு மூலை குமிழியா உக்காந்துக்கிச்சு. யாரோடயும் பேச்சு வார்த்தை இல்லை. தடை ஒரு சொட்டுக்கூடக் குறையல."

"அப்ப கழுவிடுவாங்களா?"

"கழுவறவர் சாப்பிடப் போயிருக்கார். அதுக்குள்ள இவங்களை ஊரைச் சுத்திக் காட்டலாம்னு." கைக்குட்டையை மடித்தார். மாமியாரை மடிக்காமல் கவனமாக மடித்தார். "நீங்க தனியாவா வந்தீங்க? தனியா வந்தா இந்த வராந்தா நீளும். ஜோடி சேந்தாத்தான் போக முடியும்."

"என் தங்கச்சி இருக்கா."

"அவங்களுக்குத் தடிமன் பத்தாது. நம்ம ரெண்டு பேரும் ஜோடின்னு வெச்சுக்கலாம்."

"நீங்க அந்தப் பக்கம் போறீங்க. நான் இந்தப் பக்கம் போறேன்."

"அதனால என்ன? ஜோடின்னா ஒட்டிக்கிட்டே போகணுமா? மனசுல இருந்தாப் போதும்."

அவர் அந்தப் பக்கம் போனார். நான் இந்தப் பக்கம் போனேன். தூண்கள் ஒதுங்கி நின்றன. ஒரு பெஞ்சு எழுந்து வழிவிட்டது. உடம்பு சுடவில்லை. கதவு மூக்கில் இடிக்கிற தூரத்தில் வந்து நின்றது.

உள்ளே ஒரு இயந்திரம் பஸ் நீளத்துக்கு இருந்தது. அதன் அந்தக் கோடியில் டாக்டர் சுந்தரவடிவு நின்றிருந்தார். காட்டன் புடவை, மேலே வெள்ளைக் கோட்டு. பொற்கொடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் பச்சையானது.

"பிடிவாதம் ஜாஸ்தியோ?"

"ஆமாம் மேடம்."

"தங்கம்னா அப்படித்தான். உள்ள எலக்ட்ரானெல்லாம் தனித்தனியா நடந்து, இடிச்சு, மோதி, அதுல வர்றதுதான் இந்தத் தடை. ஹைட்ரஜன் போட்டுப் பாப்போம். ரொம்ப லேசான ஆளுங்க. உள்ள போய் உக்காந்தா வீடே ஆடும். வீடு ஆடினா எலக்ட்ரான் ஜோடி சேரும். ஜோடி சேந்தா மோதாது."

"ஹீலியம் மாதிரி மூலையில உக்காந்துட மாட்டாங்களே?"

"சொல்ல முடியாது" என்றார். "பையில என்ன?"

"சாணி. அம்மா கொடுத்தாங்க."

"நல்லதாப் போச்சு." குழாய் இணைப்பு ஒன்றில் காற்று கசிந்துகொண்டிருந்தது. அதன் மேல் சாணியை அப்பினார். கசிவு நின்றது. கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டார்.

இயந்திரத்தின் வாசலில் ஹைட்ரஜன் அணுக்கள் வரிசையில் நின்றன. எல்லாரும் சவரம் செய்து வந்திருந்தார்கள். ஆளுக்கு ஓர் எலக்ட்ரான்தான் கையில். வாசலில் அதையும் பறித்துக்கொண்டார்கள்.

"பாவம், அவங்ககிட்ட இருந்ததே அது ஒண்ணுதானே மேடம்?"

"அதைப் பறிச்சாத்தான் அயனி. வீட்டோட மாப்பிள்ளையாப் போறவங்களுக்குச் சொத்து எதுக்கு?"

"மாப்பிள்ளையா?" என்றாள் பொற்கொடி. "எனக்குக் கல்யாணம் வேண்டாம்னு எத்தனை தடவை சொல்லியாச்சு! அண்ணா, நீ இதுக்குத்தான் என்னைக் கூட்டிட்டு வந்தியா?"

"இது கல்யாணம் இல்லடி. பதியம்."

"எத்தனை பேர்?"

டாக்டர் சொன்னார். கோடி கோடியாகப் போனது. எனக்கு அந்த எண்ணின் பெயர் தெரியாது.

"பந்தி யாரு வெக்கறது?" என்றாள் பொற்கொடி.

டாக்டர் பொத்தானை அழுத்தினார். அயனிகள் ஓட ஆரம்பித்தன. கடுகு பொரிகிற சத்தம் கேட்டது. பொற்கொடி கத்தினாள். ஒருவன் காலை மிதித்தான் என்றாள். ஒருவன் முழங்கையால் இடித்தான் என்றாள். ஒருவன் உள்ளே வந்ததும் ஃபேன் எங்கே என்று கேட்டானாம். கொஞ்ச நேரத்தில் அவர்கள் தங்க அணுக்களின் நடுவே கிடைத்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். பொற்கொடிக்கு மூச்சு வாங்கியது.

"சீக்கிரம் குளிரவைக்கணும்" என்றார் டாக்டர். "கொஞ்சம் சூடு பட்டாலும் மாப்பிள்ளைங்க கிளம்பிப் போயிடுவாங்க. அவங்களுக்கு ரோஷம் ஜாஸ்தி."

குளிர் அறை பக்கத்தில் இருந்தது. நான் மங்கி குல்லா போட்டுக்கொண்டேன். டாக்டர் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டார். ஜாடிக்காரர் முன்பே வந்து மூலையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஆச்சுங்க. அம்மா சௌக்கியமா?"

"சௌக்கியம்."

ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூடியைத் திருகித் தயாராக வைத்தார்.

டாக்டர் பொற்கொடியை ஒரு செம்புத் தட்டில் கிடத்தினார். இரண்டு கம்பிகளை அவள் மேல் வைத்துக் கொஞ்சம் மின்சாரம் விட்டார். சுவரில் ஒரு மீட்டர். அதில் மின்தடை எவ்வளவு என்று ஓர் ஊசி காட்டியது. திரவ ஹீலியத்தைத் திறந்துவிட்டார். அறை முழுக்கப் புகை மாதிரி ஆவி எழுந்தது.

"போதும், குளிருது" என்றாள் பொற்கொடி. ஊசி இறங்கியது.

"இன்னும் கொஞ்சம்தான்டி."

"முடியாது. ஸ்வெட்டர் கொண்டு வான்னு சொன்னேன்ல?" சொல்லவில்லை. ஊசி இன்னும் இறங்கியது.

"பொறுத்துக்கோம்மா."

"உன் குல்லா கோரமா இருக்கு." குரல் மெதுவாக வந்தது. ஊசி இறங்கிக்கொண்டே இருந்தது.

"கொஞ்சம் கண்ணை மூடிக்கோ" என்றேன்.

"சரிண்ணா" என்றாள்.

என் தங்கை என்னிடம் சரி என்று சொல்லி நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் சொன்னதில்லை. அப்பா செத்தபோது சொன்னதில்லை. சந்தேகமாக இருந்தது.

"பொற்கொடி, நீ ஈயத்தைவிட மோசம்" என்றேன்.

"சரிண்ணா."

"அம்மா வெக்கிற குழம்புல உப்பு சரியா இருக்கு."

"சரிண்ணா."

எனக்குப் பயம் வந்துவிட்டது. "மேடம், நிறுத்திடுங்க" என்றேன். "இவ என் தங்கச்சி மாதிரியே இல்ல."

"நிறுத்தினா அவரு கழுவிடுவாரு" என்றார் டாக்டர். ஜாடிக்காரர் வருத்தமாக ஆமாம் என்றார்.

ஊசி சுழியைத் தொடப் போனது. தொட்டதா என்று பார்க்க மூன்று பேரும் குனிந்தோம். விளக்கு அணைந்தது. மீட்டரும் செத்தது.

கதவைத் திறந்துகொண்டு ஒருவர் டார்ச்சோடு வந்தார். காக்கிச் சட்டை, காதில் பென்சில். தோளில் ஒரு சாக்குமூட்டை. மூட்டை நிறைய ஃபியூஸ் கட்டைகள்.

"வேதரத்தினம், மின்வாரியம்" என்றார். "மாதாந்திரப் பராமரிப்பு. இன்னிக்குப் பூரா மின்தடை."

"இங்க மின்தடை இருக்கக் கூடாதுங்க" என்றார் டாக்டர்.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. மருமகளுக்குப் பிரசவம்ங்கறான் ஒருத்தன். மாவு பாதி அரைச்சு நிக்குதுங்கறா ஒருத்தி. ஊருக்கெல்லாம் உண்டு, உங்களுக்கு மட்டும் கிடையாதா?"

ஜாடிக்காரர் எழுந்தார். என் பக்கம் பார்க்காமல் பேசினார். "மீட்டர் ஓடலை. சுழின்னு யாராவது சொல்லாம நான் விட முடியாதுங்க. இன்னியோட தவணை முடியுது." மூடியைத் திறந்தார். வாசனை கண்ணை எரித்தது.

நான் பொற்கொடிக்கும் ஜாடிக்கும் நடுவில் போய் நின்றேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றார் பணிவாக.

"மாட்டேன்" என்றேன்.

இதற்கிடையில் வேதரத்தினம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து டெஸ்டரை எடுத்துச் சுவரில் இருந்த பிளக்கில் வைத்தார். எரியவில்லை. திருப்தியாகத் தலையாட்டினார். மேஜையில் வைத்தார். எரியவில்லை. என் மேல் வைத்தார். எரியவில்லை. கடைசியாகச் செம்புத் தட்டில் கிடந்த பொற்கொடி மேல் வைத்தார். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது.

"என்னய்யா இது?"

மறுபடி வைத்தார். மறுபடி எரிந்தது.

"ஊர் பூரா ஃபியூஸைப் பிடுங்கி மூட்டையில வெச்சிருக்கேன். இங்க யார் கரண்ட் விட்டது?"

"முன்னாடியே விட்டது" என்றார் டாக்டர். "உள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு."

"யாரைக் கேட்டு சுத்துது?" அவருக்குக் கோபத்தில் டார்ச் ஆடியது. "முப்பது வருஷ சர்வீஸ்ல நான் கட் பண்ணி ஒரு இடத்துல நிக்காமப் போனதில்லை. இந்தப் பொண்ணுகிட்ட மட்டும் மின்தடை இல்லைன்னா என்ன அர்த்தம்?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"என்ன சார் சொன்னீங்க?"

"மின்தடை இல்லைங்கறேன்!"

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிச் சத்தமாச் சொல்லுங்க. இவருக்குக் காது மந்தம்."

ஜாடிக்காரருக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் கையைக் காதில் வைத்துக்கொண்டார். நல்ல மனிதர் என்று சொன்னேனே.

"இந்தப் பொண்ணுகிட்ட மின்தடை இல்லை!" என்று கத்தினார் வேதரத்தினம். "சுத்தமா இல்லை! பொட்டு இல்லை! நானே டெஸ்டர் வெச்சுப் பாத்தேன்!"

"மின்வாரியமே சொல்லியாச்சு" என்றார் ஜாடிக்காரர். மூடியைத் திருகி இறுக்கினார். "மின்தடை விஷயத்துல அவங்க சொன்னா நாங்க கேள்வி கேக்கறதில்லை." நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேதரத்தினம் மேலிடத்தில் புகார் செய்யப் போவதாகச் சொன்னார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். டாக்டர் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. செம்புத் தட்டின் பக்கத்தில் குனிந்தேன். "பொற்கொடி, பொழைச்சிட்டடி."

"சரிண்ணா" என்றாள்.

"வீட்டுக்குப் போலாமா?"

"சரிண்ணா."

"வீட்டுக்கா?" என்றார் டாக்டர். "வீட்டுச் சூடு பட்டா மாப்பிள்ளைங்க ஒரு நிமிஷம் தங்க மாட்டாங்க. அப்புறம் பழைய தடை வந்துடும். இவரு மறுபடி ஜாடியைத் தூக்கிக்கிட்டு வரணும். இவங்க இங்கேயேதான் இருக்கணும். இந்தக் குளிர்லதான்."

"எத்தனை நாள்?"

"கரண்ட் சுத்தற வரைக்கும்."

"அது எப்ப நிக்கும்?"

"நிக்காது" என்றார்.

நான் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவளைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தாள். முன்னைவிடப் பளபளப்பு. கோடி கோடிப் பேர் உள்ளே இருந்தும் ஒரு சத்தம் இல்லை. ஒருவரும் மோதவில்லை. எலக்ட்ரானெல்லாம் ஜோடி ஜோடியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. என் தங்கை உயிரோடு இருக்கிறாள். அதற்குத்தானே வந்தேன். அம்மாவிடம் என்ன சொல்வதென்று யோசித்தேன். எதிர்த்துப் பேசுவதை விட்டுவிட்டாள் என்றால் நம்ப மாட்டாள்.

டாக்டரிடம் சொல்லிக்கொண்டேன். ஜாடிக்காரரிடமும் சொல்லிக்கொண்டேன். பொற்கொடியிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் சரிண்ணா என்பாள். அதை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை. மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தேன். ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன்.

"எங்கண்ணா கிளம்பிட்ட?" என்றாள் பொற்கொடி.

அறையில் எல்லாரும் திடுக்கிட்டார்கள். கிளம்புகிற ஆளை எங்கே என்று கேட்கக் கூடாது. குழந்தைக்குக்கூடத் தெரியும். கேட்டுவிட்டால் போகிற காரியம் விளங்காது. திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். பொற்கொடிக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். டாக்டர் தம்ளரைக் கொடுத்தார். தண்ணீர் கல்லாக உறைந்திருந்தது. மடியில் வைத்துக்கொண்டு உருகக் காத்திருந்தேன். வெகுநேரம் ஆயிற்று. ஒரு வாய் குடித்தேன். எழுந்தேன். கதவுப் பக்கம் போனேன்.

"எங்கண்ணா?" என்றாள்.

டாக்டர் தம்ளரை வாங்கி மறுபடி தண்ணீர் ஊற்றினார். அது உறைகிற சத்தம் கேட்டது. நான் செருப்பைக் கழற்றிக் கதவோரம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.